கேள்வி அக்காவும் எங்கள் வீட்டு ரேடியோவும்

என் அக்காவுக்குக் கேள்வி கேட்பதுதான் வேலை. வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாவது மாடியில் ஓர் ஆய்வு நடக்கிறது. பிள்ளைகள் வளர வளர அவர்கள் மனசுக்குள் என்ன நடக்கிறது, எப்போது வாடுகிறது, யார் கைகொடுத்தால் நிமிர்கிறது என்று பார்க்கிற ஆய்வு. சின்ன வயதில் சேர்த்துக்கொண்ட அதே பிள்ளைகளை வருடா வருடம் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அப்படிப் போகிறவர்களில் ஒருத்தி என் அக்கா. தோளில் பை, பைக்குள் டேப்லெட், காலில் தேய்ந்த செருப்பு. அவள் தெருமுனையில் திரும்பினாலே "கேள்வி அக்கா வந்தாச்சு!" என்று பிள்ளைகள் கத்தும். நாற்பதைத் தாண்டியவளை ஆன்ட்டி என்று கூப்பிடாமல் அக்கா என்கிறார்களே என்று அவளுக்கு உள்ளூர ஒரே குஷி.

அந்த வேலையில் கெடுபிடி அதிகம். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். பதிலைக் கேட்டு உச்சுக்கொட்டக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பெற்றவர்களை நைசாக அடுத்த அறைக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பதில் சொல்லிவிடுவாள்: "இவனுக்கென்ன கவலை? வேளாவேளைக்குச் சாப்பாடு, தனி ரூம், ராஜா மாதிரி இருக்கான்." ராஜா தலையைக் குனிந்துகொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான். இந்தக் கதையை அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். பெற்றவர்கள் சொல்வதும் பிள்ளைகள் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போவதே இல்லை, அதனால் பிள்ளையைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியில் முதல் பாடம்.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்தப் பயிற்சி எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் நடந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். மாடியறையில் தனிக்கட்டையாகக் குடியிருந்துகொண்டு கீழே அக்காவிடம் வந்து சாப்பிடுகிறவன். சாப்பாட்டுக்குக் கூலியாக, மீசை வைத்த பதினைந்து வயதுப் பிள்ளையாக நான் நடிக்க வேண்டும். "கடந்த இரண்டு வாரங்களில், காரணமில்லாமல் பயமாக இருந்ததா? ஒரு நாளும் இல்லை, சில நாட்கள், பல நாட்கள், தினமும்" என்று அக்கா செய்தி வாசிக்கிற குரலில் கேட்பாள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண், மொத்தம் எதைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவள் உரக்கச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வாள். அதே மேஜையின் இன்னொரு முனையில் அவள் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

அந்த மகளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றுவதற்குள் ஆரம்பிப்பாள். கணக்கு டீச்சர் தும்மியது முதல் பக்கத்து பெஞ்சுக்காரியின் புது ரப்பர் வரை எல்லாம் ஒலிபரப்பாகும். கப்பலில் சமையல்காரராக இருக்கும் அத்தான் வாரம் ஒருமுறை போன் செய்வார். அவரால் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. "அங்க என்ன சத்தம், புயலா?" என்று என்னைக் கேட்பார்.

பதின்மூன்று வயதில் அந்த ரேடியோ நின்றுவிட்டது.

முதலில் வயிற்றுவலி என்றாள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும் வலி. மாத்திரை, கஷாயம், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. ஸ்கேனில் ஒன்றுமில்லை. பிறகு வாரத்தில் ஒரு நாள் லீவு இரண்டு நாளாகி, ஒருநாள் காலை சீருடை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கெஞ்சியாயிற்று, அதட்டியாயிற்று. அன்றோடு பள்ளி நின்றது. நாள்முழுக்க ஜன்னல் பக்கம் படுத்திருப்பாள். சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துபோவாள்.

ஊரார் பிள்ளைகளை எல்லாம் கேட்கிற அக்காவுக்குத் தன் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இல்லை, தப்பாகச் சொல்கிறேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஆபீசில் காத்த பொறுமையெல்லாம் வாசலில் செருப்போடு கழன்றுவிடும். "யாராவது ஏதாவது சொன்னாங்களா? மார்க் கம்மியா? எவனாவது பின்னாடி வர்றானா? சொல்லேன்டி. அதானே? எனக்குத் தெரியும், அந்த டியூஷன்தானே?" கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நடுவில் அந்தப் பிள்ளை மூச்சுவிட இடமில்லை.

போதாக்குறைக்கு அந்த மாதம் ஆபீசிலும் ரகளை. கூட வேலை பார்த்த ஒருத்தி தன் சொந்த மகனையே வேறொரு முகவரி கொடுத்து ஆய்வில் சேர்த்து, பதில்களையும் தானே நிரப்பியிருக்கிறாள். பணியாளர் வீட்டுப் பிள்ளைகளை ஆய்வில் சேர்க்கவே கூடாது என்பது விதி. விஷயம் வெளியே வந்ததும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா வாரம் முழுக்க இதையே புலம்பினாள். ஜன்னல் பக்கம் படுத்திருந்தவள் அதைக் கேட்டாளா, எவ்வளவு கேட்டாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. மகளைக் கட்டிலில் எதிரே உட்காரவைத்து, அந்தச் செய்திக் குரலை வரவழைத்துக்கொண்டு, ஆபீஸ் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பிள்ளை "ஒரு நாளும் இல்லை" என்றாள். ஒன்றிரண்டுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து "சில நாட்கள்" என்றாள். அக்கா துள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்லடா! மார்க் ரொம்பக் கம்மி. மனசுல ஒண்ணும் இல்ல. சும்மா சோம்பேறித்தனம்தான்."

"அக்கா, நான் உனக்கு எவ்வளவு நாள் பிள்ளையா நடிச்சேன்? நான்கூட அவ்வளவு சுத்தமா சொன்னதில்ல."

"நீ பேசாத. கிரீஸ் டப்பாவைத் தூக்கிட்டு அலையறவனுக்கு மனசைப் பத்தி என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் போட்ட சோற்றை நினைத்து அடக்கிக்கொண்டேன். ஆனால் அவளுக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா நல்ல மாதிரி. திட்டவில்லை.

"கேள்வியெல்லாம் வீட்டுல வச்சா பழகினீங்க? பொண்ணு கேட்டுட்டு இருந்தாளா?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்காவுக்கு அந்த இடத்திலேயே உறைத்துவிட்டது. பரீட்சைத்தாளும் விடையும் பிள்ளைக்கு மனப்பாடம். எதைச் சொன்னால் டாக்டருக்குப் போன் போகும், எதைச் சொன்னால் போகாது என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். பொய் என்று தெரியக்கூடாதென்று இரண்டு "சில நாட்கள்" வேறு சேர்த்திருக்கிறாள், கெட்டிக்காரி.

டாக்டரம்மா சொன்னாராம்: "பெரியவங்களுக்கு வர்ற மனக்கஷ்டம் நிறைய இந்த வயசுலதான் தொடங்குது. சீக்கிரமா கைகொடுத்தா நிறையப் பிள்ளைங்க நல்லா மேல வந்துடறாங்க. அதனால பயப்படாதீங்க. கீழ் மாடியில ஆலோசகர் இருக்காங்க. ஆனா இழுத்துட்டு வராதீங்க, அவளா வரட்டும். அதுவரைக்கும் கேக்கறதை நிறுத்துங்க. சும்மா பக்கத்துல இருங்க."

கேள்வி கேட்காமல் இருப்பது என் அக்காவுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத்தான் தெரியும். மகளிடம் கேட்க முடியாததை எல்லாம் என்னிடம் கேட்டுத் தீர்த்தாள். "சாப்பிட்டியா? ஏன் லேட்டு? அந்தச் சட்டை ஏன் கசங்கியிருக்கு?" நான் மாடியிலிருந்து இறங்கவே பயந்தேன். மகள் பக்கத்தில் மட்டும் ஊமையாகப் போய் உட்காருவாள். காய் நறுக்குவாள், ஊசியில் நூல் கோப்பாள். பிள்ளையும் ஒன்றும் பேசாது. இந்தப் பிள்ளை இப்படியே போய்விடுமோ என்று நான் பயந்தேன். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் மூன்று பேரும் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். என் வேலைச் சட்டையின் கறை போகவில்லை என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ரேடியோ பேசினாள்.

"ஏம்மா இப்பல்லாம் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற? கோவமா?"

"இல்லடி."

"அப்ப நான் கேக்கறேன்." முதுகை நிமிர்த்திக்கொண்டு, அச்சு அசல் அவள் அம்மாவின் ஆபீஸ் குரலில் ஆரம்பித்தாள். "கடந்த இரண்டு வாரங்களில், மனசு பாரமாக இருந்ததா?"

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்துக்கொண்டே, "ஒரு நாளும் இல்லை" என்றாள்.

"தூக்கம் வராமல் இருந்ததா?"

"ஒரு நாளும் இல்லை."

"பொய்" என்றாள் பிள்ளை. குரல் மாறியிருந்தது. "பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு நீ அழறது எனக்குக் கேக்குது."

அக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். எனக்கு எழுந்து போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

"தினமும்டி" என்றாள் அக்கா. "தினமும் பாரமாத்தான் இருக்கு. தூக்கம் இல்ல. போன வாரம் பஸ்ஸுல அழுதுட்டே இருந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன். உனக்கு என்ன ஆச்சோன்னு ரொம்பப் பயமா இருக்கு."

பிள்ளை ஒரு போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"நான் சொன்னா உனக்கு வேலை போயிடுமா?"

"வேலையா? எதுக்குடி?"

"அந்த ஆன்ட்டியை அனுப்பிட்டாங்கல்ல. அவங்க பையனுக்கு இந்த மாதிரி இருக்குன்னு தெரிஞ்சதும். ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது இருக்கக் கூடாதுல்ல? உனக்கு அந்த வேலைன்னா உயிரு. அதான்."

இதைத்தான் அந்தப் பிள்ளை நெஞ்சில் சுமந்துகொண்டு படுத்திருந்தது. நாங்கள் இரண்டு தடிமாடுகள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தோம். அக்கா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. "பைத்தியக்காரி! அவ திருட்டுத்தனமா சேத்ததுக்குத்தான் அனுப்பினாங்க. ஆய்வுலதான் சேக்கக் கூடாது. உனக்கு முடியலைன்னா முதல்ல ஓடி வர்றதே எங்க ஆபீஸ்காரங்கதான்டி."

அதற்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. மூச்சு முட்டி, கை விறைத்து, செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். யாரோ சிரித்திருக்கிறார்கள். அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் வயிறு வலித்தது, கால் நகரவில்லை. அக்கா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறவர்கள் ஞாபகம் வந்தது. காற்று நன்றாக வரும், ஆபத்தே இருக்காது, ஆனாலும் கதவை அடித்து அலறுவார்கள். ஒன்றும் ஆகாது என்று வெளியிலிருந்து கத்துவேனே தவிர, உள்ளே இருக்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வாரமே "போலாம்மா" என்று அவளே சொன்னாள். கீழ் மாடி ஆலோசகர் சின்ன வயதுப் பெண். அக்காவையும் என்னையும் வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அக்கா அந்தக் கதவையே பார்த்தபடி, எத்தனை தாய்மார்களை இப்படி வெளியே உட்காரவைத்திருப்பேன் என்றாள். அந்தப் படபடப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது, ஆபத்து இல்லாதபோதே உடம்பு அடிக்கிற அபாயமணி அது என்று ஆலோசகர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒதுங்க ஒதுங்கப் பயம் பெருகும், கொஞ்சம் கொஞ்சமாக எதிரே போனால் அடங்கும் என்றாராம். அதன்படி முதலில் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினோம். பிறகு டீச்சரிடம் பேசி ஒரே ஒரு பீரியட். நடுவில் ஒரு வாரம் மறுபடி கட்டிலோடு படுத்துவிட்டாள். அக்கா கலங்கினாள். மறுபடி வாசலிலிருந்து தொடங்கினோம்.

அவளை வண்டியில் கொண்டுபோய் விடுகிற வேலை எனக்கு. முதல் முறையாக முழு நாளும் இருக்கப்போகிறேன் என்று சொன்ன காலையில் வாசலில் இறங்கியவள் நகராமல் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மற்ற பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

"மாமா, நெஞ்சு அடிக்குது."

வண்டியை அணைக்கவே இல்லை. "திரும்பிடலாமா?" என்றேன்.

அவள் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம். அது பாட்டுக்கு அடிக்கட்டும். நான் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.