அப்பா கட்டிய புடவை

முசரவாக்கம் தாண்டியதும் ஒரு எருமை ரோட்டில் படுத்துக்கொண்டு பஸ்ஸை மறித்தது. டிரைவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எங்கள் வீட்டுப் பழைய எருமைதான் நினைவுக்கு வந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம், அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா செத்த பிறகு எங்கள் எருமை மேய்ச்சலுக்குக் கிளம்ப மறுத்தது. அப்பா கயிற்றை இழுத்தார், வாலை முறுக்கினார், கெஞ்சினார். சாணியில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த நெசவுக்காரர் சொன்னார்: "அதுக்கு உன் வாடையே ஆவலபா. உங்க வூட்டம்மா பொடவைய கட்டிக்கினு கூப்புடு, வரும்."

கொடியில் துவைக்காமல் கிடந்த அம்மாவின் நூல்புடவையைக் கட்டி, மீசை மறைய முக்காடு போட்டுக்கொண்டு வந்தார் அப்பா. எருமை மோந்து பார்த்தது, எழுந்தது, சாதுவாகப் பின்னால் நடந்தது. பாவு நூலை விட்டுவிட்டுத் தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து என் மூன்று வயதுத் தங்கச்சி ஓடிவந்தாள்.

"யம்மா, நானும் வரேம்மா!"

எருமையை முந்திக்கொண்டு போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது. அப்பா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ஏரிக்கரை வரும்வரை அவளுக்கு முகத்தைக் காட்டவேயில்லை.