சாருக்குச் சத்தம் ஆகாது

சென்னையில் நான் எழுதாமல் விட்ட புத்தகங்களுக்கெல்லாம் மாடிவீட்டு மிக்ஸியும் ரோட்டில் போகும் லாரியும்தான் பொறுப்பு என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோலியனூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் வீடு வாங்கிக் குடிவந்ததும் அந்த வசதி போயிற்று. எழுதாததற்கு நான் மட்டுமே காரணம் என்று ஆகிவிடும் அபாயம் வந்தது. நல்லவேளையாக ஆடி மாதம் பிறந்தது.

அதற்குள் என் மனைவி ஊரில் குடியேறியிருந்தாள். நான் வீட்டில் மட்டும்தான் குடியேறியிருந்தேன். மதியமானால் எங்கள் வராந்தாவில் தெருப் பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிப்பார்கள். எதிர்வீட்டு அம்மாள் அவளுக்கு அக்கா ஆகியிருந்தாள். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, தலைப்பிரசவம் இந்த வீட்டில்தான் என்று வராந்தாவில் தீர்மானம் நிறைவேறியது. சென்னையில் இருந்தபோது என் மனைவி அதை நினைத்தே பயந்தவள்; பிரசவத்துக்குக் கூடமாட உதவப் பக்கத்தில் ஆள் கிடையாது.

"பத்தியச் சோறு, புள்ள குளிப்பாட்டுறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சும்மா குந்திக்கினு பேரப்புள்ளய கொஞ்சு," என்றாள் அக்கா.

அக்காவின் கணவருக்கு மைக் செட் தொழில். ஆடித் திருவிழாவுக்கு அவர் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்று எங்கள் வாசல் கம்பத்தில், நான் எழுதும் ஜன்னலைப் பார்த்தபடி அமைந்தது. விடியுமுன்பே அம்மன் என் மேஜைக்கு வந்துவிடுவாள். போய்ச் சொன்னேன்.

"அந்தாண்ட திருப்புனா பக்கத்தூர்க்காரன்தான் கேப்பான் சார், நம்மூருக்குக் கேக்காது," என்றார். பிறகு, "சரி, உங்களுக்காவ கொஞ்சம் கொறைக்கிறேன்," என்று குறைக்கவும் செய்தார். சாயங்காலத்துக்குள் வேறு யாரோ ஏற்றிவிட்டார்கள்.

நான் படித்தவன். போலீசுக்குப் போன் செய்தேன். டெசிபல் கணக்கைச் சட்டத்தோடு சேர்த்து விளக்கினேன். மறுமுனையில் கேட்டவர் கொட்டாவிக்கு நடுவே, என் பெயர் வெளியே வராது என்று உறுதி சொன்னார். பெயர் வரவும் இல்லை. ஜீப்பில் வந்தவர் டீக்கடையில் இறங்கி, "மைக் செட்டு சத்தம்னு கம்ப்ளெயின்ட் குடுத்த சாரு வீடு எதுப்பா?" என்று மட்டும் கேட்டார். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். திருவிழா முடிந்துதான் திரும்பி வந்தது.

சண்டைக்கு ஆள் வரும் என்று வாசலில் நின்றிருந்தேன். பேசவேண்டிய வாதங்களைத் தயார் செய்திருந்தேன். இன்றும் அவற்றில் ஓட்டை கிடையாது. ஒருவரும் வரவில்லை. என் மனைவி கூழ் வாங்கப் போனாள். தூக்கு நிறைய கேப்பைக் கூழ் ஊற்றி, முருங்கைக்கீரையும் வைத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள் என்று சொன்னாள். அப்போது அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் ஊர் என்னைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்தது. காய்கறி வண்டிக்காரர் தெருமுனையிலேயே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டைத் தாண்டிய பிறகு போடுவார். மரக்காணத்து மீன்காரம்மா கூவாமல் கடந்து போவார். அவர் வந்து போனதையே பூனைகள் ஓடுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். மல்லாட்டை உரிப்பது இரண்டு வீடு தள்ளிப் போயிற்று. என் மனைவி அங்கே போனால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஆனால் பேச்சு நின்றுவிடும்.

"ஏன்க்கா நம்ம வூட்டாண்ட வர்றதில்ல?" என்று கேட்டிருக்கிறாள்.

"சாரு எழுதிக்கினு இருப்பாரு. நாங்க கத்திக்கினு கெடப்போம். அவர எதுக்குப் பேஜாரு பண்ணணும்?" என்றாளாம் அக்கா.

அந்த அமைதியில் நான் எழுதியது அரைப் பக்கம். அதையும் அடித்துவிட்டேன்.

வளைகாப்பை எங்கள் வீட்டில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மனைவி நம்பினாள். வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். எதிர்வீட்டுக்காரரிடம் பாட்டுப் போட மைக் செட்டும் கேட்டாள். "அதெல்லாம் வாணாம்மா, சாருக்கு ஒத்துக்காது," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஊரே வந்தது. அதுதான் கொடுமை. ஒரு வீடு பாக்கியில்லாமல் பெண்கள் பூவும் வளையலுமாக வந்து, செருப்பை ஓசைப்படாமல் கழற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்துபோய் மகளுக்குச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். கிண்டல் இல்லை, பாட்டு இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அது சிணுங்கியதும் வெளியே ஓடினாள். கண்ணாடி வளையல் உரசுவது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

சம்பந்தியம்மா திண்டிவனத்திலிருந்து காரில், பின்னால் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். சற்றுநேரம் பார்த்துவிட்டு அக்கா பக்கம் குனிந்து, "ஏங்க, தெருவுல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சாருக்குச் சத்தம் ஆகாது."

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. திடீர்னு வலி எடுத்தா ஒரு கொரலு குடுக்க ஆளு வேணும்ல? இங்க யாரக் கூப்புடுவீங்க? பிரசவம் திண்டிவனத்துலயே இருக்கட்டும்."

"அக்கா இருக்காங்களே," என்று என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அக்கா தாம்பூலப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தேடினாள்.

மகள் எங்களோடு தங்குவதற்காகக் கொண்டுவந்திருந்த பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் சம்பந்தியின் காரில் வைத்தேன். சம்பந்தி இன்னும் உள்ளே இருந்ததால் டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து கையைக் காட்டினார்.

"அடிக்காதப்பா. உள்ள சாரு எழுதிக்கினு இருப்பாரு."

நான் காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு எதிரேதான் நின்றிருந்தேன்.

கார் கிளம்பியது. மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். என் மனைவி கேட்டிலேயே நின்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அந்த வளையல் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு அமைதி எங்கள் தெருவில்.