ராஜாவுக்கு வலப்பக்கத்துச் சிப்பாய்

குளத்தூர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆத்மநாதனுக்கு ஊரில் வாய்த்த ஒரே சதுரங்கக் கூட்டாளி, தபால் ஆபீஸ் குழந்தைசாமி. 1956-இல் திருச்சியில் போட்டி என்று தெரிந்ததும் இரண்டு பேருமே பேர் கொடுத்தார்கள். குழந்தைசாமிக்கு லீவு கிடைக்கவில்லை.

"நீ போய்யா. நாம யோசிச்சு வச்சதை ஆடிட்டு வா, அது போதும் எனக்கு" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

யோசித்து வைத்தது இதுதான். வெள்ளைக் காய் கிடைத்தால், இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவுக்கு வலப்பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது. வெட்டினான் என்றால் பலகையின் நடு நமக்கு. ஆனால் நம் ராஜாவின் விலா திறந்துபோகும். கொடுக்கலாமா கூடாதா என்று நாலு மாதம் மல்லுக்கட்டி, கொடுக்கலாம் என்று முடிவுகட்டியவர் குழந்தைசாமி.

கடைசிச் சுற்றில் வெள்ளை கிடைத்தது. எதிரே வெற்றிலை மென்றபடி ஒரு வக்கீல். ஜெயித்தால் அடுத்த பெரிய போட்டிக்கு மெட்ராஸ் போகலாம். ஆத்மநாதனின் கை சிப்பாய்வரை போய் நின்றது. தொட்டால் ஆடியாக வேண்டும். சும்மா கொடுத்துவிட்டுத் தோற்றால் இந்த ஆள் சிரிப்பாரே என்று தோன்றியது. இருபது நிமிஷம் கழித்துக் குதிரையை எடுத்து வைத்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. மெட்ராஸுக்கு வேறு யாரோ போனார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குழந்தைசாமி கேட்டார்: "கொடுத்தியா? வெட்டினானா?"

"கொடுத்தேன். அவரு வெட்டலை. ராணிக்கு முன்னாடி நின்ன சிப்பாயைத் தள்ளி, பதிலுக்கு அவரும் ஒண்ணைக் கொடுத்துட்டாரு."

வாயில் வந்த பொய். குழந்தைசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அப்படி ஒண்ணு இருக்கா!"

அன்றே ஆராய ஆரம்பித்தார். கடலோரத்துக் கட்டுமாவடிக்கு மாற்றலாகிப் போன பிறகும் மாதம் ஒரு கார்டு வந்தது. "வக்கீலுக்கு இன்னொரு பதில் கண்டுபிடிச்சிருக்கேன்." ஒவ்வொன்றுக்கும் ஆத்மநாதன், ரொம்பச் சரி என்று எழுதிப் போட்டார்.

1960-இல் மனசு பொறுக்காமல் கட்டுமாவடிக்கே போனார். குழந்தைசாமி பலகையைப் பரப்பி, அதே ஆட்டத்தை அடுக்கிக் காட்டத் தொடங்கினார். ஆத்மநாதன் பாதியில் நிறுத்தி உண்மையைச் சொன்னார்.

குழந்தைசாமி கையிலிருந்த காயைக் கீழே வைத்தார்.

"அப்ப நாலு வருஷமா நான் யாரோடய்யா ஆடிக்கிட்டிருந்தேன்?"

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. காய்களைப் பெட்டியில் போட்டு மூடினார். "சாப்பிட்டுப் போ. இன்னைக்கு நல்ல கெழங்கா மீனு வந்திருக்கு."

சாப்பிட்டார்கள். பஸ் வரும்போது குழந்தைசாமி சொன்னார்: "பயமா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்யா."

அதன் பிறகு கார்டு வரவில்லை. ஆத்மநாதன் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது. மகளுக்கு வரன் பார்ப்பதாகவும், உப்புக்காற்றில் முழங்கால் வலிப்பதாகவும் எழுதியிருந்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.