‘ரெண்டு நாள்ல வந்துரும்’ என்று சொன்ன ஐந்து நாட்கள்

1. சுவரில் கோடு

வெள்ளம் வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கியபோது, சர்வர் அறைச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு இருந்தது. சர்வர் அதற்குக் கீழே இருந்தது. முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் பயப்படவில்லை. “அண்ணாச்சி, மிஷின்தான் போச்சு. டேட்டா பத்திரமா இருக்கு” என்றேன். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கமாக இருக்கிறது எங்கள் நிறுவனம். செயற்கைக் கால் செய்கிறோம். வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தை ஸ்கேன் செய்து, அது உட்காருகிற கிண்ணத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, மிஷினில் அச்சுச் செதுக்கி, அதன் மேல் வார்ப்போம். அந்தக் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். அது ஒரு நூல் பிசகினாலும் தோல் உரிந்துவிடும். ஸ்கேன் எடுப்பது கால் மணி நேர வேலை. பிறகு ஆள் போட்டு நடந்து பார்த்து, இங்கே அழுத்துகிறது, அங்கே ஆடுகிறது என்று சொல்லச் சொல்ல, ஃபைலில் திருத்தம் செய்துகொண்டே போக வேண்டும். சிலருக்கு ஐந்தாறு தடவை ஆகும். அந்தக் கடைசி ஃபைல்தான் எங்கள் சொத்து.

அந்தச் சொத்தைக் காப்பதற்கு நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். கிளவுட் டிசாஸ்டர் ரெகவரி. நம் சர்வரின் நகல் ஒன்று வேறு ஊரில் எப்போதும் தயாராக இருக்கும். இங்கே சர்வர் செத்தால் அங்கே அது எழுந்து நிற்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக, அந்த ஏற்பாட்டை நான் எப்படிச் செய்தேன் என்பதை எழுதுகிறேன்.

2. படிவம்

மூன்று கம்பெனிகளைக் கேட்டேன். எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டு மார்க் கொடுத்தேன். எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் தாங்கலாம், அது RPO. எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப எழ வேண்டும், அது RTO. டேட்டா எந்த ஊரில் இருக்கும், போன் எடுப்பார்களா, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

முதல் கம்பெனி எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு ஆகாது என்று கழித்துவிட்டேன். இரண்டாவது, பெரிய நகரத்துக் கம்பெனி. நாற்பது கேள்விகளுடன் அழகான படிவம் அனுப்பியது. மூன்றாவது, கோயம்புத்தூரில் நான்கைந்து பேர் நடத்துவது. அவர்களிடம் படிவமே இல்லை. அதன் முதலாளி போனில் பேசினார்.

“ஒரு நாள் வந்து உங்க ஆபீஸ்ல உக்காந்துக்கறேங்க. தொறக்கறதுல இருந்து பூட்டற வரைக்கும். அதைப் பார்த்துப்போட்டுத்தானுங்க என்ன வேணும்னு சொல்ல முடியும்.”

“எங்க ஆபீஸைப் பத்தி நானே எல்லாம் சொல்லிருவேன் சார்.”

“நீங்க சொல்றது வேறங்க. நான் பாக்கறது வேறங்க.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆவணம் என்கிற கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம் போட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கே நான்தான் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். பேங்க், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி என்று எதுவானாலும். ஒரு கட்டமும் காலியில்லாமல் நிரப்பினால் வேலை முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அப்படித்தான் எனக்குள் வந்தது. அந்த நாற்பது கேள்விகளையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். ‘சர்வர் எத்தனை மணி நேரம் இயங்கும்?’ என்று ஒரு கேள்வி. இருபத்துநான்கு மணி நேரமும் என்று எழுதினேன். சர்வர் அப்படித்தான் ஓட வேண்டும் என்று படித்திருந்தேன். எங்கள் சர்வர் அப்படி ஓடுகிறதா என்று பார்க்கவில்லை.

அந்தப் பதிலை வைத்து அவர்கள் ஒரு திட்டம் கொடுத்தார்கள். நோயாளிகளின் பெயர்ப்பட்டியல் சின்னது, அது பகலில் மணிக்கொரு தடவை போகும். ஸ்கேன் ஃபைல்களும் நடக்கவைத்து எடுக்கும் வீடியோக்களும் பெரியவை. பகலில் அனுப்பினால் ஆபீஸில் இன்டர்நெட் நகராது. அதனால் அவை இரவு பதினொன்றுக்கு மேல் போகும். முதல் நகலை மட்டும் ஹார்ட் டிஸ்கில் போட்டு கூரியரில் அனுப்பினோம். அது ஆடி மாதம்.

3. மும்தாஜ் அக்கா சொன்னது

மேலப்பாளையத்து மும்தாஜ் அக்காதான் எங்கள் ரிசப்ஷனிஸ்ட். காலையில் முதலில் வருவதும் அவர்தான். திட்டம் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, “தம்பி, காலையில இந்த சிஸ்டம் எந்திரிக்க ரொம்ப நேரமாக்குது. நான் ஓதி முடிச்சு டீயும் குடிச்சிருதேன், அது இன்னும் சுத்திக்கிட்டே கெடக்கு” என்றார்.

பழைய சிஸ்டம், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டு சாஃப்ட்வேரை நீக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு காலையிலும் அவர் காத்திருந்தது தன் கம்ப்யூட்டருக்காக அல்ல, சர்வருக்காக. அது ராத்திரி முழுக்க ஓடியிருந்தால் காலையில் எழ வேண்டிய அவசியமே இல்லை. இதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன். எட்டரைக்கு அண்ணாச்சி பூட்டுவார். சாமி படத்துக்குச் சூடம் காட்டி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிக் கடைகளில் இப்படித்தான் பூட்டுவார்கள். சர்வர் யு.பி.எஸ். தயவில் இன்னும் முக்கால் மணி நேரம் மூச்சு விட்டுவிட்டு அணைந்துவிடும். பதினொன்றுக்கு அந்தக் கம்பெனி வந்து கதவைத் தட்டும்போது இங்கே யாரும் இல்லை. காலையில் மும்தாஜ் அக்கா மெயினை ஏற்றியதும் சர்வர் தானாக எழும். நான் ஒன்பதரைக்கு வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

ராத்திரி நகல் எடுக்க முடியவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் தினமும் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் எதற்கெடுத்தாலும் மெயில் வந்ததால் அவற்றை ஒரு தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டிருந்தேன். அவர்களுடைய போர்ட்டலின் முதல் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அது பெயர்ப்பட்டியலுக்கான விளக்கு. ஒத்திகையும் பார்த்தேன், பெயர்ப்பட்டியலை மட்டும் வைத்து. சீக்கிரம் முடியும் என்பதால். வெற்றி என்று வந்ததை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன்.

4. வெள்ளத்துக்குப் பிறகு

மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள், தச்சநல்லூரில் அண்ணாச்சி வீட்டு மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ரெகவரியைத் தொடங்கினேன். இரண்டு மணி நேரத்தில் பெயர்ப்பட்டியல் எழுந்துவிட்டது. அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். அதே நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது.

லூர்து அண்ணன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். துறைமுகத்தில் ஒரு ஏஜென்சியில் டேலி கிளார்க், அதாவது கப்பலில் ஏறி இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. லாரி ஏறி, முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. எங்களிடம் ஏழு தடவை வந்து திருத்தி, ஐப்பசியில்தான் அவருக்குப் பொருத்தமான கால் அமைந்தது. கப்பல் ஏணியில் ஏறி இறங்கிக் காட்டினால் வேலையைத் திரும்பத் தருவதாக ஏஜென்சியில் நாள் குறித்திருந்தார்கள். வெள்ள ராத்திரி அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கி மாடியில் ஏற்றினார்கள். கட்டில் ஓரம் கழற்றி வைத்திருந்த கால் தண்ணீரோடு போய்விட்டது. குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

அண்ணாச்சிக்கு வழி தெரிந்திருந்தது. மதுரையில் நண்பர் ஒருவருக்கு இதே மிஷின் இருக்கிறது. ஃபைலை அனுப்பினால் மூன்று நாளில் கால் தயார்.

“ஏலே மாரி, லூர்து ஃபைல் எப்ப கெடைக்கும்?”

நான் ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்தேன். ஆடி மாதம் கூரியரில் அனுப்பியது மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஃபைல்கூட இல்லை. லூர்து அண்ணன் பெயரே அதில் இல்லை.

“ரெண்டு நாள்ல வந்துரும் அண்ணாச்சி” என்றேன்.

அதை அவர் அப்படியே போனில் சொன்னார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நொடியில் அது பொய் என்று எனக்குப் படவில்லை. வேறெங்காவது ஒரு நகல் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் கம்பெனியில் போனை எடுத்த பெண் மிகவும் பொறுமையாக, என் படிவத்தையும், தினமும் அனுப்பிய மெயில்களையும் எனக்கே திருப்பி அனுப்பினார். சேற்றில் கிடந்த டிஸ்கைக் கழுவிச் சென்னைக்கு ஒரு டேட்டா மீட்புக் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதையும் நான் இரண்டு நாள் என்றே மொழிபெயர்த்துக்கொண்டேன். லூர்து அண்ணன் என் நம்பருக்கே கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன்.

ஐந்தாம் நாள், டிஸ்கில் ஒன்றும் எடுக்க முடியாது என்று தகவல் வந்தது. அன்றுதான் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

“மெயினை அணைச்சது நான்தாம்லே. இருவது வருசமா அணைக்கேன். அது ராத்திரி ஓடணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

சொல்லவில்லை.

“செரி. வெளியில யாரு கேட்டாலும் வெள்ளத்துல போச்சுன்னு சொல்லு. அதுவும் பொய்யில்லலா?”

லூர்து அண்ணனிடமும் அப்படித்தான் சொன்னோம். “வெள்ளத்துக்கு நீ என்ன செய்வ தம்பி” என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மதுரையில் புதிதாக ஸ்கேன் எடுத்து, மிச்சமிருந்த ஏழு நாளில் ஒரு கால் செய்தார்கள். இரண்டு தடவைதான் திருத்த முடிந்தது. குறித்த நாளில் அவர் ஏணியில் ஏறினார். பாதிக்கு மேல் ஏறியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சாக்கெட்டுக்குள் ரத்தம். வேலை வேறொருவருக்குப் போனது.

5. இப்போது

இன்று நான் வேறு மாதிரி வேலை செய்கிறேன். அந்தக் கோயம்புத்தூர்க்காரரை அழைத்தோம். அவர் ஒரு நாள் வந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அண்ணாச்சி மெயின் பக்கம் கையை நீட்டியதுமே, “இதுதானுங்க” என்று எழுந்தார். சர்வருக்குத் தனிக் கரண்ட் லைன் போட்டோம். கிளவுட் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் இடத்தை நேரில் வந்து பார்க்கிறேன் என்பவரை அலட்சியப்படுத்தாதீர்கள். யார் திறக்கிறார், யார் பூட்டுகிறார் என்று விசாரித்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள். ஒத்திகைக்கு இருப்பதிலேயே பெரிய, கஷ்டமான ஃபைலை எடுங்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது அதெல்லாம் இல்லை.

ஆறு மாதம் கழித்து லூர்து அண்ணனைப் பார்க்கப் போனேன். ஒரு ஐஸ் பேக்டரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். நாங்கள் பிறகு நிதானமாகச் செய்துகொடுத்த கால் நன்றாகப் பொருந்தியிருந்தது. ஃபைல் வெள்ளத்தால் மட்டும் போகவில்லை, அதன் நகல் என்னிடம் இருந்ததே இல்லை, முதல் நாளே எனக்கு அது தெரியும் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டோக்கன் கட்டை மேஜையில் வைத்தார்.

“ஏஜென்சியில எங்க மேனேஜரு நல்ல மனுசன் தம்பி. வெள்ளம்னு சொல்லி, அந்த மொத வாரத்துல கேட்ட ஆளுக்கெல்லாம் ரெண்டு மாசம் நாள் தள்ளிக் குடுத்தாரு. என்னையும் கூப்பிட்டுக் கேட்டாரு, ஒனக்கு வேணுமாலேன்னு.”

“நீங்க என்னண்ணே சொன்னீங்க?”

“வேண்டாம் சார், ரெண்டு நாள்ல வந்துரும்னு சொன்னேன்.”

வெளியே லாரி வந்து நின்றது. அவர் எழுந்து டோக்கன் கொடுக்கப் போனார்.

எங்கள் ரெகவரி ஆவணத்தின் முதல் பக்கத்தில் இப்போது ஒரே ஒரு அட்டவணைதான் இருக்கிறது: எது நம்மிடம் இல்லை, அதற்காகக் காத்திருப்பவர் யார், அவரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதை நிரப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரெகவரியைத் தொடங்கலாம்.