கல்யாணக் கடை விளம்பரத்தில் என் மகள்: றக்வானவிலிருந்து குருவிட்ட வரை

இதற்கு முன் மடு மாதா கோயிலுக்குப் போனதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. ஆனால் இனிமேல் இந்த வேலைக்காகவும் பஸ் ஏறுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் மகள் ரெஜினா போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகாத பெண் செத்தால், எங்கள் ஆட்கள் கல்யாணப் பெண் மாதிரி உடுத்தித்தான் சவப்பெட்டியில் வைப்பார்கள். வெள்ளைச் சேலை, தலையில் நெட், பூமுடி. அவளுடைய படமெல்லாம் அவள் போனுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கிற நம்பர் எங்களுக்குத் தெரியாது. அதனால் நினைவு பேனருக்கு, பெட்டியில் கிடந்தபோது எடுத்த படத்தைத்தான் இரத்தினபுரியில் ஒரு பிரிண்ட் கடைக்கு அனுப்பினோம். கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்து கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

போன மாதம் பேஸ்புக்கில் ஒரு விளம்பர வீடியோ வந்தது. குருவிட்டவில் உள்ள கல்யாண உடுப்புக் கடை. ரெஜினா தலையைத் திருப்பி, சிரித்து, சிங்களத்தில் விலைக்கழிவு சொல்கிறாள். குரல் அவளுடையது இல்லை. வேலை விட்டு வந்தால் என் வீட்டுக்காரர் அதையேதான் போட்டுப் பார்ப்பார். "இருக்கட்டும் விடு. அசையுதுல்ல," என்றார். எனக்கு முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி, "மகளுக்குக் கல்யாணமாமே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அதை எடுக்க வைக்காமல் விடக் கூடாது என்று கிளம்பினேன்.

நாங்கள் இருக்கிற தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து றக்வான டவுனுக்கு ஆறு கிலோமீட்டர், த்ரீவீலுக்கு எண்ணூறு ரூபாய். ஓட்டினவர் புது ஆள்.

"குருவிட்டவுக்கா? கல்யாணச் சேலை எடுக்கவாக்கா?"

"சேலை விஷயமாத்தான் தம்பி."

"அப்ப திரும்பயும் என்னையே கூப்பிடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நூறு ரூபா கொறைப்பேன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆறரை மணி பஸ்ஸில் பெல்மடுல்ல வழியாக இரத்தினபுரி. சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், டிக்கெட் இருநூறு. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் இருங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

அந்தப் படத்தை நாங்கள் கொடுத்தது அந்த பிரிண்ட் கடைக்கு மட்டும்தான், அதனால் முதலில் அங்கே போனேன். விளம்பரம் செய்தவரே இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அலுமாரி மேல் பெரிய கேமரா ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. நாங்கள் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அது உங்க மகள் இல்லக்கா. கம்ப்யூட்டர் செஞ்ச பொண்ணு."

"கம்ப்யூட்டருக்கு அந்த மொகம் எங்கயிருந்து வந்துச்சு தம்பி?"

பிறகு சொன்னார். முன்பு ஒரு விளம்பரம் என்றால் ஒரு பெண்ணைக் கூட்டி வர வேண்டும், மேக்கப் போட ஆள், படம் பிடிக்க இவர், இரண்டு நாள் வேலை. இப்போது முதலாளிமார் காலையில் கேட்டு மத்தியானத்துக்குள் வேண்டும் என்கிறார்களாம். அவசரத்தில் கையில் இருந்த ஒரு வெள்ளைச் சேலைப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, அசைய வை என்று எழுதினாராம். மீதியை அதுவே செய்துகொண்டதாம்.

"காசு குடுத்தவர் சொல்லாம நான் எடுக்க ஏலாது. நீங்க போய்க் கேளுங்க. ஆனா பெட்டியில எடுத்த படம்னு மட்டும் சொல்லிராதீங்க."

இரத்தினபுரியிலிருந்து குருவிட்டவுக்குக் கொழும்பு ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர், எழுபது ரூபாய், அரை மணி நேரம். கடை மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. முதலாளி ஒரு முஸ்லிம் ஆள், அவர்களை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மரியாதையாக உட்காரச் சொல்லி, பிளேன்டீ வரவழைத்தார். மகள் செத்துப்போனதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

"கவலதான் தங்கச்சி. ஆனா அந்த வீடியோ நல்லாப் போவுது. சீசன் முடியட்டும், எடுத்துடுவோம்."

"நானா, அது பெட்டியில படுத்திருந்த படம். கண்ண அவங்கதான் தொறந்தாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மய்யத்தா? மய்யத்தையா என்ட கடைக்குக் கல்யாணப் பொண்ணா வச்சான்?"

உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டுத் திட்டினார். வீடியோவை அந்த இடத்திலேயே அழிக்கச் சொன்னார். மூலப் படத்தையும் அழிக்கச் சொன்னார். நான் என் பிள்ளைக்காகக் கேட்டபோது நடக்காதது, பிணம் என்று தெரிந்ததும் நடந்தது.

என் டீ ஆறுவதற்குள் அவர் போனுக்குப் புது வீடியோ வந்தது. வேறு ஒரு பெண், அதே மாதிரித் தலையைத் திருப்பினாள்.

"இது யாரு புள்ள நானா?"

"யாருட புள்ளயும் இல்ல. இதால ஒரு கரச்சலும் வராது."

மூன்று மணிக்குள் பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் றக்வான வந்துவிடலாம். நான் லயம் ஏறும்போது வீட்டுக்காரர் வாசலில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காணோமே," என்றார்.

"எடுக்க வச்சுட்டேன்."

மறுபடியும் போனைத் தேய்த்தார்.

போகிறவர்களுக்கு: மூலப் படம், மரணச் சான்றிதழ், அடையாள அட்டை கொண்டு போங்கள். செலவுக்கு மூவாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் கடையோடு நிற்காதீர்கள், காசு கொடுத்த முதலாளியிடமே போங்கள். செத்தவர் படத்தைக் கடைக்குக் கொடுத்தால், வேலை முடிந்ததும் அழிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். அப்புறம் ஒன்று. விளம்பரத்தை அழிக்கச் சொல்வதற்கு முன்னால், அதைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்று வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போய்விட்டேன்.