தம்பி கழற்றிய சட்டை

என் தம்பி விவசாய இலாகாவில் வேலை பார்த்தான். அறுபதுகளில் நெல் பயிற்சிக்கென்று அவனைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அன்னாசி இலை நாரில் நெய்த துணி கொஞ்சமும், அந்த ஊர்ச் சட்டை ஒன்றின் புகைப்படமும் கொண்டுவந்தான். அங்கே கல்யாணத்துக்கும் சபைக்கும் ஆண்கள் அதைத்தான் போடுவார்களாம். பாரோங் என்று பெயர். முழுக்கை, நெஞ்சில் பூவேலை. கால்சட்டைக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும். தன் கல்யாணத்துக்கு அதுதான் என்றும், நான்தான் தைக்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தான்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். வீட்டு மெஷினில் ஒரு வெட்டுத் துண்டை ஓட்டிப் பார்த்தேன். வெங்காயச் சருகு போன்ற அந்தத் துணி சுருங்கி இழை விலகிவிட்டது. கையால்தான் தைத்தாக வேண்டும். உள்தையல் அப்படியே வெளியே தெரியும் என்பதால் ஒவ்வொரு ஓரத்தையும் பிசிர் தெரியாமல் மடித்து மடித்துத் தைத்தேன். சித்திரை வெயிலில் விரல் வியர்த்தால் கறை படியும். கையைக் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டுதான் உட்காருவேன். புகைப்படத்தில் பூ சரியாகத் தெரியவில்லை. வேலியில் படர்ந்திருந்த பாகற்கொடியைப் பார்த்து வரைந்து, வெள்ளை நூலில் சுருள் சுருளாக எடுத்தேன். கோடை விடுமுறை அதிலேயே போயிற்று. போட்டுப் பார்த்த தம்பி கண்ணாடியை விட்டு நகரவில்லை.

கல்யாணம் எரியோட்டில், பெண் வீட்டில். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தான். செம்பட்டியில் புகையிலை வியாபாரம் செய்த பெண்ணின் தாய்மாமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கொசுவலையத் தைச்சு மாட்டிருக்கீக? உள்ள பனியன் தெரியுதுல்ல."

நாலு பேர் சிரித்தார்கள். தம்பியும் கூடச் சிரித்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அக்கா தைத்தது என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. உள்ளே போய்க் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, பெண் வீட்டார் நீட்டிய பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் தாலி கட்டும்போது அட்சதை போட்டேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த புதுப்பெண் நேரே அடுப்படியில் என்னிடம் வந்தாள்.

"மயினி, அந்தக் கொடி போட்ட சட்டைய எங்க வச்சிருக்கீக? சன்னல் வழியாப் பாத்தேன். எங்க மாமாவுக்குப் புடிக்கலேன்னா மாமா போட்டுக்க வேணாம், ஒங்க தம்பி போடட்டும்."

மறுவீட்டு விருந்துக்கு அவளே அதை எடுத்துக் கொடுத்துப் போட வைத்தாள். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த தாய்மாமன், அவள் தம்பியின் பக்கத்திலேயே நின்று பரிமாறியதால், இலையை விட்டு நிமிராமல் சாப்பிட்டு எழுந்தாராம். திரும்பி வந்த தம்பி, எல்லாரும் சட்டையைப் புகழ்ந்தார்கள் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

"ஒம் பொண்டாட்டிக்கு இருக்குற வாயி ஒனக்கு இல்லாமப் போச்சேடா" என்றேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எத்தனையோ ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அவனுக்கு ஒரு பொத்தான்கூட வைத்துக் கொடுக்கவில்லை. கேட்கும் துணிச்சலும் அவனுக்கு வரவில்லை.