வாளியும் சிரிப்பும்

மகளின் கைபேசியில் ஏதோ பிரிட்டிஷ் காமெடி. வைத்தியர் ஒருவர் நோயாளியின் காலை ரம்பத்தால் அறுக்கிறார். ரத்தம் கூரைவரை பீய்ச்சுகிறது. நோயாளியோ பணிவாக நன்றி சொல்கிறான். உடனே பின்னணியில் பெருஞ்சிரிப்பு.

எனக்குப் பழக்கமான சிரிப்புதான். தொண்ணூறுகளில் பல்லடத்து வீட்டுக்கு டிஷ் வந்ததும் அப்பாவும் நானும் இந்த மாதிரிதான் பார்ப்போம். பாஷை புரியாது. வாந்தியோ ரத்தமோ தெறித்தால் டிவி சிரிக்கும், நாங்களும் சிரிப்போம்.

ஒரு ஞாயிறு காலை, நிகழ்ச்சி நடுவில், எங்கள் கோழிப்பண்ணையில் வேலைபார்த்த மாரன் வாசலுக்கு வந்தார். அப்பா வயதுக்காரர், பத்து வயதில் நான் 'மாரா' என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கொட்டகைக் கோழி முழுக்கச் சீக்கில் செத்துவிட்டதாம். அப்பா அவர் கையிலிருந்த தீவன வாளியைப் பிடுங்கி வாயிலேயே அடித்தார். இரண்டு பல் படியில் விழுந்தது. திரும்பவும் அடித்தார்.

மாரன் துண்டை அவிழ்த்துக் குனிந்தார். "வாசல் அழுக்காயிருச்சுங்க. தொடச்சுபோடறேனுங்க."

உள்ளே டிவி சிரித்தது. நானும் சிரித்தேன். மாரன் நிமிர்ந்தார். முதலாளி வீட்டு அம்மணி நான் சிரிக்கும்போது தான் சும்மா இருக்கக்கூடாதென்று, ரத்த வாயோடு அவரும் சிரித்தார்.

"ஏனுங்கம்மா, சிரிப்பே வரலீங்களா?" என்றாள் மகள்.

"நான் அப்பவே சிரிச்சுபோட்டேன் கண்ணு."